மூன்று முறை தவறினால்

ஒரே வேலையை நாலு பேர் தனித்தனியாகச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் அலுவலகத்தில் இருபத்திரண்டு டீம்கள். எழுதிய மென்பொருளைச் சோதித்து வெளியே அனுப்புகிற அதே ஸ்கிரிப்டை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவற்றை ஒரே பேக்கேஜாகத் தொகுத்து அலுவலக சர்வரில் வைத்தேன். ஒரு கட்டளை போட்டால் போதும், என் ஸ்கிரிப்ட் அவரவர் கணினிக்கு வீடு தேடி வந்துவிடும். எத்தனை டீம்கள் அதைப் பதிவிறக்கி வைத்திருக்கின்றன என்பது என் திரையின் மூலையில் தெரியும்.

முதலில், சோதனை தவறினால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். "உன்னால எங்க வேலை கெடுது" என்று ஒரு டீம் விலகியது. எண்ணிக்கை இருபத்தொன்று. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெர்ஷனில் ஒரு சின்னச் சலுகை சேர்த்தேன்: மூன்று முறை தவறினால், தேறியதாகக் குறித்துவிட்டு மேலே போகும். போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

ஒருவரைத் தவிர. நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதும் டீமின் தலைவி, எல்லோருக்கும் அக்கா.

"தம்பி, இது நிக்க வேண்டிய எடத்துல நிக்க மாட்டேங்குது. நான் பழசையே வச்சுக்கறேன்."

"எல்லாரும் ஒண்ணா இருந்தாத்தானேக்கா அழகு?" என்றேன்.

ஊரோடு ஒத்துப்போகாதவர்களை என்ன செய்வது? அவர் விடுப்பில் போன வாரம் பழைய வெர்ஷனை சர்வரிலிருந்து நீக்கினேன். அவருடைய டீமும் புதியதற்கு மாறியது.

இரண்டாம் நாள் பம்பின் மருந்தளவுச் சோதனை மூன்று முறை தவறியது. அறிவிப்பு எனக்குத்தான் வரும். வந்தது, படித்தேன். நிறுத்தினால் இருபத்திரண்டு டீமுக்கும் பதில் சொல்ல வேண்டும். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மென்பொருள் பம்புகளுக்குப் போய், மருந்து அளவு மீறி ஏறி, ஆறு நோயாளிகள் இறந்தார்கள். டீமின் பொறுப்பு அக்காவுடையது என்பதால் போலீஸார் அவரை அழைத்துப் போனார்கள். அவர் மகள் என்னிடம் வந்து அழுதாள்.

"அம்மா தப்பு பண்ண மாட்டாங்க அங்கிள். உங்களுக்காவது தெரியும்ல?"

"தெரியும்மா" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அந்த அறிவிப்பை நான் திறந்து படித்த நேரத்தை இன்று விசாரணையில் நீங்கள் காட்டினீர்கள். ஆமாம் ஐயா, நான்தான். தெரிந்தே செய்தேன். ஆனால் ஒன்று. நேற்று உங்கள் ஆட்களும் ஆய்வுக்கென்று என் பேக்கேஜை இறக்கியிருக்கிறார்கள். எண்ணிக்கை இருபத்துமூன்று ஆகியிருக்கிறது. உபயோகமில்லாத ஒன்றை யாராவது இறக்குவார்களா?