எதிரெதிர்ப் பக்கங்கள்

புத்தகத்தைத் தைத்திருக்கும் முதுகுப் பக்கம் எழுத்து போய்ப் புதையக் கூடாது, ஐயா. அதனால் உள் ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக இடம் விடுவேன். வாசிக்கிறவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். கவனிக்காவிட்டால்தான் என் வேலை ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

சொந்தக் காசில் புத்தகம் போடுகிறவர்களுக்கு, அச்சகத்துக்குப் போகும் பைலைத் தயார்செய்து கொடுப்பது என் தொழில். என் தங்கையின் கணவரும் அப்படித்தான் வந்தார். பள்ளியில் உயிரியல் வாத்தியார். காட்டில் முளைக்கும் காளான்களைப் பற்றி எழுதியிருந்தார். தின்னக்கூடியது ஒரு பக்கம், அதே சாயலில் இருக்கும் விஷக் காளான் எதிர்ப்பக்கம்.

புத்தகத்தில் குறையில்லை. ஆளைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நகமெல்லாம் மண். வாய் நிறைய எதையாவது மென்றுகொண்டே பேசுவார். மென்றது என் திரையில் தெறிக்கும். ஒருநாள் ஈரக் காளான்களை என் கீபோர்டின் மேலேயே கொட்டினார். சளி மாதிரி ஒழுகியது. "மோந்து பாருங்க மச்சான்" என்று ஒன்றை என் மூக்கில் வைத்துத் தேய்த்துவிட்டுச் சிரித்தார். குளித்துவிட்டு வந்தும் அந்த வழவழப்பு உதட்டின் மேலேயே இருந்தது.

அன்றைக்குத்தான் எதிரெதிர்ப் பக்கத்துப் படங்கள் இரண்டை இடம் மாற்றினேன். எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. படத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு நான் பொறுப்பாக முடியாது.

மாதிரிப் பிரதி வந்ததும் அவரிடம் கொடுத்தேன். நேராகப் பின்னட்டையைத் திருப்பி, தன் போட்டோவைப் பார்த்தார்.

"மூக்கு கொஞ்சம் பெருசா தெரியுதோ?"

"உள்ளேயும் ஒருதடவை பாத்துடுங்க மாப்பிள்ளை."

"நீங்க பாத்தா போதாதா? அச்சுக்கு அனுப்பிடுங்க."

அனுப்பிவிட்டேன். அவர் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

புத்தகம் வந்த வாரம் அவர் மாணவர்களோடு வெளியூர் போயிருந்தார். தங்கை போன் பண்ணினாள். குரலில் அப்படியொரு பூரிப்பு.

"அண்ணா, நானே காட்டுக்குப் போய்க் காளான் பறிச்சிட்டு வந்தேன். அவர் புத்தகத்தைப் பாத்தே பறிச்சேன். வந்ததும் சொன்னா அசந்துபோயிடுவாரு."

எந்தப் படம் என்று கேட்டேன். சொன்னாள். அடுப்பில் எண்ணெய் காயும் சத்தம் கேட்டது. சாப்பிடாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் முழுதும் சொல்ல வேண்டியிருக்கும். கையில் வேலை இருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கிடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. வாந்தி நாற்றத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

படங்களைத் தானே மாற்றிக் கொடுத்துவிட்டதாக அவர் நம்புகிறார். நானும் மறுக்கவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்துவிடுகிறார். "என் கையாலயே அவளைக் கொன்னுட்டேன் மச்சான்" என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். கண்ணீரும் எச்சிலும் மூக்குச்சளியும் சட்டையில் ஊறி என் தோலைத் தொடுகின்றன. எத்தனை சட்டைதான் தூக்கிப் போடுவது.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். படங்களை மாற்றியது நான். தங்கை போனில் சொன்னபோது தெரிந்தே வாயை மூடிக்கொண்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் நீங்களே இதைச் சொல்லிவிட்டால் நல்லது, ஐயா. அதற்குப் பிறகாவது என்னைக் கட்டிக்கொண்டு அழ மாட்டார்.