மீசை எடுத்த நாள்

மச்சான்: தலையை ஆட்டாம உக்காருங்க மாப்ள. சுவரெல்லாம் கறுப்பாத் தெறிக்குது. என் வீட்டுக்காரி என்னைத்தான் திட்டுவா.

மாப்பிள்ளை: அந்த டப்பாவைக் காட்டு. பழசைப் பூசி என் தலையைப் புண்ணாக்கிடாத.

மச்சான்: நான் பூசுற அதே சாயம்தான். எனக்கு ஒண்ணும் ஆகலையே.

மாப்பிள்ளை: உனக்கு எதைப் பூசினாலும் ஒண்ணும் ஆகாது. தோல் அப்படி.

மச்சான்: என்னைக் கிழட்டு மைனர்னு எத்தனை கேலி பண்ணீங்க... இப்ப உங்களுக்கே ஆசை வந்துடுச்சு.

மாப்பிள்ளை: பேசாம பூசு.

மச்சான்: புரியுது. ஞாபகம் தப்பினவளுக்குப் பழைய முகம்தான் தெரியும். ஆஸ்பத்திரியில என் தங்கச்சி உங்களைப் பாத்து வெக்கப்படப் போறா.

மாப்பிள்ளை: ...மீசையையும் எடுத்துடு.

மச்சான்: மீசை இல்லாம அவ உங்களைப் பாத்ததே இல்லையே. அப்புறம் எப்படி அடையாளம்...

மாப்பிள்ளை: எடுன்னா எடு.

மச்சான்: சரி, உதட்டை இழுத்துப் பிடிங்க... சாப்பிடுறாளா?

மாப்பிள்ளை: பல்லைக் கடிச்சுக்கிட்டே கிடந்தா. இனிமே மூக்குல குழாய்தான்னு டாக்டர் சொல்றான். அவனுக்கு வேலை சுளுவாகணும், வேறென்ன. முந்தாநாள் என் கையால ஒரு கிண்ணம் கஞ்சி குடிச்சா.

மச்சான்: அட... அப்ப உங்களைத் தெரிஞ்சிருக்கு.

மாப்பிள்ளை: உன் சட்டை ஒண்ணு குடு. கோடு போட்டது.

மச்சான்: என் சட்டை எதுக்கு?

மாப்பிள்ளை: முந்தாநாள் மழையில நனைஞ்சு போனேன். நீ அங்க விட்டுட்டு வந்த சட்டையை மாட்டிக்கிட்டேன். தலையில துண்டு, உன்னை மாதிரி மீசை தெரியாம மூஞ்சியில மாஸ்க். அண்ணான்னு கூப்பிட்டா.

மச்சான்: நான்னு நெனச்சுட்டாளா...

மாப்பிள்ளை: நேத்து என் சட்டையில, மீசையோட போனேன். வாயைத் திறக்கல.

மச்சான்: ஞாபகம் தப்பினவ, மாப்ள. அதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு...

மாப்பிள்ளை: சமாதானம் சொல்லாத. என்ன சொன்னா தெரியுமா? 'அண்ணா, அவர் வர்றதுக்குள்ள சாப்பிட்டுடுறேன்'னா. நான் ஒரு நாளும் அவ தட்டைப் பிடுங்கினதில்ல. கை ஓங்கினதில்ல. நான் வீட்டுல இருந்தா அவளுக்குச் சோறு இறங்காதுன்னு... எனக்கு யாரு சொன்னா?

மச்சான்: கல்யாணமான வருசமே என்கிட்ட சொன்னா. போகப்போகச் சரியாயிடும்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்... கண்ணை மூடுங்க மாப்ள. சாயம் இறங்குது.