அக்காவுக்கு ஓட்டத் தெரியாது

மாலை ஆறே முக்கால். அணைக்குப் போகும் மலைச்சாலை. முன்னால் வண்டி இல்லை. பின்னால் வண்டி இல்லை...

யாரது, மழை உள்ளே அடிக்கிறது, அந்த ஜன்னலைச் சாத்து. கரண்ட் வரும்போது வரட்டும். இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

அந்தச் சாலையில் வாடகைக் காரில் தனியாக வந்துகொண்டிருந்தவர் என் மச்சானின் கூட்டாளி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று பேர் எடுத்தவர். ஆயுசுக்கும் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதையும் இரண்டு தடவை சொன்னார், பாவி மனுஷன்.

கடைக்குச் சரக்கு எடுக்கத்தான் நகரத்துக்கு வந்திருந்தார். வேலை மதியமே முடிந்துவிட்டது. பேசாமல் ரயில் ஏறியிருக்கலாம். கால் கேட்கவில்லை. வாடகைக் கார் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. போன வருஷம் தன் அக்காவோடு வந்து கார் எடுத்த அதே இடம்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலரை அடி உயரம். தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, அடியில் ஒரு சிவப்புக் குஷன் போட்டு, உள்கண்ணாடியைக் கீழே சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், ஆளில்லாத வண்டி வருகிறது என்று எதிரே வருகிறவன் அலறுவான். ஆனால் அவள் ஓட்டினால் டம்ளர் தண்ணீர் தளும்பாது. ஈ காக்கா இல்லாத ரோட்டில் திரும்பினாலும் இண்டிகேட்டர் போடுவாள்.

"ஒரு தடவையாவது உன்னைப் பக்கத்துல உட்கார வச்சு, நானே ஓட்டி, அந்த நகரத்தைச் சுத்திக் காட்டணும்டா" என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்காகத்தான் போன வருஷம் கிளம்பி வந்தாள்.

அந்த நிலையத்தில் ஒரு சட்டம். இன்னொருவரும் ஓட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, லைசென்ஸைக் காட்டிவிட வேண்டும். சொல்லாமல் ஓட்டினால் அபராதம். காரைச் சுற்றி வந்து கீறல்களை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஊழியர் கேட்டார்.

"அம்மாவும் ஓட்டுவாங்களா சார்?"

வரிசையில் நின்ற இளவட்டங்கள் அக்காவின் உயரத்தையும், பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்புக் குஷனையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சேச்சே... அக்காவுக்கு ஓட்டத் தெரியாதுங்க."

அக்கா குஷனை வெளியே எடுத்தாள். பையை மூடினாள். பின் சீட்டில் ஏறி, குஷனை மடியில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டினாள். 'டக்'. அன்றைக்குக் கடைத்தெரு, பாலம், கலங்கரை விளக்கம், அணை எல்லாம் பார்த்தார்கள். "அங்க பாருக்கா" என்றால், "ம்". அவ்வளவுதான்.

நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும், நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று... எங்கே கேட்டார்?

இப்போது தனியாக அதே சுற்று. முதலில் கடைத்தெரு. ஜே ஜே என்று கூட்டம். ஒரு டீ குடித்துவிட்டு வந்து காரில் ஏறினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டு முழுக்க முன்னால் வந்திருந்தது. பூட்டிவிட்டுப் போன கார்! பழைய வண்டி, தானாக நகர்ந்திருக்கும் என்று பின்னால் தள்ளிவிட்டு ஓட்டினார். கலங்கரை விளக்கத்தில் இறங்கி ஏறினார். மறுபடியும் முழங்கால் இடித்தது. இந்தத் தடவை உள்கண்ணாடியும் கீழே சாய்ந்திருந்தது.

அப்புறம்தான் அந்த மலைச்சாலை. மூடிய காருக்குள் தைல வாசனை. அக்கா நெற்றியில் தடவுகிற அதே தைலம். ஓரமாக நிறுத்தி இறங்கி, காற்று வாங்கிவிட்டுத் திரும்பினார்.

சீட்டு முன்னால். கண்ணாடி கீழே. யாரும் தொடாத இண்டிகேட்டர்... டிக்... டிக்... டிக்...

பயம் போய், அழுகைதான் வந்தது அவருக்கு. சாவியை வண்டியிலேயே விட்டார். சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நீயே ஓட்டுக்கா."

எஞ்சின் உறுமியது. கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது... ஒரு குலுக்கல் இல்லை. வளைவுக்கு வளைவு டிக் டிக். மலை இறங்கி, பாலம் தாண்டி, நகரத்தின் ஹாரன் சத்தம் காதில் விழும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. நிலையம் இருக்கும் தெருமுனையில் கார் தானாக நின்றது. அவர் நகர்ந்து டிரைவர் சீட்டுக்கு வந்தார். சீட்டு வெதுவெதுப்பாக இருந்தது. பின்னால் தள்ள மனசு வரவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டே உள்ளே ஓட்டிப் போனார்.

அதே ஊழியர். கதவைத் திறந்து பார்த்தார்.

"சீட்டு ஏன் சார் இவ்ளோ முன்னாடி இருக்கு? வேற யாராவது ஓட்டினாங்களா?"

ஆமாம், எங்கள் அக்கா ஓட்டினாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அபராதம் கட்டிவிட்டுப் போகட்டும், பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான், நாக்கு புரண்டுவிட்டது.

"இல்லீங்க... என்னைத் தவிர யாருக்கும் ஓட்டத் தெரியாது."

காருக்குள் அதுவரை டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த இண்டிகேட்டர் நின்றது. பிறகு, காலியான பின் சீட்டிலிருந்து...

'டக்'.

அதோடு விட்டதா? ஊருக்கு வந்து தன் சொந்தக் காரில் ஏறினார். பின்னால் 'டக்'. தினமும் கேட்கிறது. "மன்னிச்சிடுக்கா" என்று தினமும் அழுகிறார் மனுஷன். சிவப்புக் குஷன் ஒன்று வாங்கினார். ராத்திரியில் டிரைவர் சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, குஷனைப் போட்டு, சாவியையும் வைத்துவிட்டுப் படுக்கிறார். காலையில் போய்ப் பார்த்தால் சீட்டு அவர் உயரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். குஷன் பின் சீட்டில் கிடக்கும்.

சரி, எழுந்திருங்கள். வாசலில் ஹாரன் கேட்கிறது பாருங்கள், இந்த மழையில் எப்படிப் போவீர்கள் என்று அவரைத்தான் வரச் சொல்லியிருந்தேன். பத்திரமாகக் கொண்டுபோய் விடுவார். பின் சீட்டில் ஏறுகிறவர்கள் நெருக்கி உட்காருங்கள்.

அந்தக் குஷனை மட்டும் நகர்த்தாதீர்கள்.