எலக்ட்ரான் எந்தப் பக்கம் போச்சு?

பந்தி ஆரம்பிக்கிறதுக்குள்ள மணமக்களுக்கு ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு உக்காந்துடறேன்... பயப்படாதீங்க, நிஜமாவே சின்னதுதான்.

செல்வின்னு ஒருத்தர். ஹெப்சிபா அவர் மனைவி. ரெண்டு பேரும் விண்வெளி ஆராய்ச்சி, ஒரே ஆபீஸ். நம்ம பூமியோட காந்தப்புலம் இருக்குல்ல? அது கோடானுகோடி எலக்ட்ரான்களைப் பிடிச்சு வச்சு பூமியைச் சுத்த விட்டிருக்கு. ஒருநாள் சூரியன்லருந்து புயல் வந்து அந்தக் காந்தப்புலத்துல மோதுச்சு. பாத்தா... முக்காவாசி எலக்ட்ரானைக் காணோம். எங்க போச்சு?

"கீழ காத்து மண்டலத்துல விழுந்திருக்கும்"ன்னார் செல்வின்.

"இல்லங்க, புயல் காந்தப்புலத்தோட எல்லையை உள்ள தள்ளிடுச்சு. எல்லைக்கு வெளிய மாட்டுனதெல்லாம் ஓடிடுச்சு"ன்னாங்க ஹெப்சிபா.

ஆபீஸ் இயக்குநருக்கு ரெண்டு பேரும் சேந்து ஒரே அறிக்கை குடுக்கணும். எங்க குடுக்கிறது? வீட்டுல பேச்சே நின்னுபோச்சு. தூது போனது யாரு? செல்வினோட அப்பா.

"மாமா, ஓடித்தான் போச்சுன்னு உங்க மகன்கிட்ட சொல்லுங்க."

"அப்பா, விழுந்துதான் போச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க."

'போச்சு, போச்சு'ன்னு கேட்டதுல யாரோ தவறிட்டாங்கன்னு நினைச்சு, பக்கத்து வீட்டு எஸ்தர் அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்துட்டாங்க. "யாருப்பா... நெருங்குன சொந்தமா?"

மனைவி சொன்னது தப்புன்னு காட்டணும்னே செல்வின் அவங்களோட செயற்கைக்கோள் பதிவை எடுத்துப் பாத்தார். பாத்தா... எல்லை நிஜமாவே உள்ள வந்திருக்கு. அந்தப் பக்கம் ஹெப்சிபா, கணவரை மடக்கணும்னே, அவர் பறக்கவிட்ட பலூனோட பதிவைப் பாத்தாங்க. எலக்ட்ரான் காத்துல வந்து மோதுனா எக்ஸ்ரே கிளம்பும்; அந்தத் தடயம் அப்படியே இருக்கு. இதை ஒருத்தருக்கொருத்தர் சொன்னாங்களா? எப்படிச் சொல்றது... பேச்சுதான் இல்லையே.

நேரா இயக்குநர் முன்னாடி போய் நின்னாங்க.

"சார், என் மனைவி சொன்னதுதான் சரி."

"இல்ல சார், அவர் சொன்னதுதான் சரி."

"நான் பாத்துட்டேம்மா. நீ சொன்னதுதான்."

"நானும் பாத்துட்டேங்க. நீங்க சொன்னதுதான்."

இயக்குநர் தலையில கைய வச்சுக்கிட்டார். "இப்ப பக்கம் மாறி நின்னு சண்டையா? ரெண்டையும் சேத்து எழுதிக் கொண்டாங்க."

எழுதினாங்க. வெளி ஓரத்துல இருந்தது எல்லை தாண்டி ஓடிச்சு, உள்ள இருந்ததுல கொஞ்சம் கீழ விழுந்துச்சு. ரெண்டும் நடந்திருக்கு. அன்னிக்கு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தாங்க. மாமனாருக்குத்தான் தூது வேலை போச்சு.

மாப்பிள்ளை, பொண்ணு... உங்களுக்குள்ள சண்டையே வரக்கூடாதுன்னு நான் ஜெபிக்க மாட்டேன். வரும். வரும்போது, நீங்க பாத்ததையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அவங்க எதைப் பாத்துட்டு அப்படிச் சொல்றாங்கன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. அன்போட பாக்க முடியலையா? தோக்கடிக்கிறதுக்காகவாவது பாருங்க... மிச்சத்தைக் கர்த்தர் பாத்துக்குவார்.