ஒரே குழாய்த் தண்ணீர்

1966 ஆகஸ்ட், சுதந்திர தினத்துக்கு மறுநாள். சயான் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தாராவிக்காரர்கள் இருவர்: ஓர் இளைஞன், அவனுடைய அக்காள். அவன் கண்களில் இன்னும் லேசான மஞ்சள் இருந்தது.

"எக்கா, காமாலை ஆம்பளைய விட்டுட்டுப் பொம்பளையக் கொல்லுமா?"

"மெதுவாப் பேசுல."

"ஒரே கொழாத் தண்ணிதான குடிச்சோம். கீழாநெல்லியும் மோரும் குடிச்சேன், எந்திரிச்சு மில்லுக்குப் போயிட்டேன். அதையேதான அவளுக்கும் குடுத்தேன்."

"நீ புள்ளையா சொமந்த? ஏழு மாசக்காரிக்கு அது வேற மாதிரி அடிக்கும்னு டாக்டர் சொன்னாருல்லா?"

"இப்பத்தான சொல்லுதாரு."

"தூக்கமாவே வருது, கண்ணத் தொறக்க முடியலன்னு அவ சொன்னப்ப நீ என்னல சொன்ன? 'நான் எந்திரிச்சு நடக்கலியா, உனக்கு என்னட்டி நடிப்பு'ன்னுதான சொன்ன?"

அவன் மடியில் மோர்த் தூக்கு இருந்தது. அன்றைக்கும் கீழாநெல்லி அரைத்துக் கலந்து கொண்டுவந்திருந்தான்.

கதவு திறந்தது. செல்லம்மாவின் புருஷன் யார் என்று நர்ஸ் இந்தியில் கேட்டாள்.

அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அக்காள்தான் எழுந்து போனாள்.