எருது வருடத்தில் பிறந்தவன்

தேத்தண்ணியைக் குடியும், பாஸ்கரன். ஆறிவிடும். லண்டனுக்கு, இந்த ஈஸ்ட் ஹாமுக்கு வந்த சூட்டோடு என் கதவைத் தட்டி, உமது அண்ணன் பாலேந்திராவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்கிறீர். இத்தனை வருடங்களாக ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பாலேந்திராவும் நானும் ஊரில் ஒரே வகுப்பு, இங்கே ஒரே அறை. தவநாயகி ஹை ஸ்ட்ரீற்றில் ஒரு சேலைக்கடையில் வேலைக்கு நின்றாள். கெட்டிக்காரி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிறு மூவரும் சீனச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கோப்பைக்குக் கீழே விரிக்கும் கடதாசியில் பன்னிரண்டு மிருகங்களை அச்சடித்திருந்தார்கள். பிறந்த வருடத்துக்கு ஒரு மிருகம்; எது எதைக் கட்டலாம், எது எதைக் கட்டக்கூடாது என்று விளக்கம் வேறு. சாப்பிட்டு முடிந்ததும் கசக்கி எறிகிற சாமான் அது.

தவநாயகியின் சாதகம் வீட்டோடு சேர்ந்து எரிந்துபோனது. பிறந்த நேரம் சொல்லத் தாயும் உயிரோடு இல்லை. அதற்காக எண்ணெய் படிந்த கடதாசியில் மாப்பிள்ளை தேடுவதா?

"நான் சேவல். நீங்கள் எந்த வருசம் அண்ணை?" என்று என்னைக் கேட்டாள்.

"அறுபத்திமூண்டு."

"முயலோ? சேவலுக்கும் முயலுக்கும் சரிவராதாம்," என்று சிரித்தாள். பிறகு பாலேந்திராவைப் பார்த்தாள்.

"அறுபத்தொண்டு," என்றான் அவன்.

"எருது. சேவலுக்கு நல்ல பொருத்தம்," என்றாள், கடதாசியைக் குனிந்து பார்க்காமலே.

அவன் பிறந்ததும் அறுபத்துமூன்றில்தான். ஏஜென்ட் கொடுத்த கள்ளக் கடவுச்சீட்டில் வயது கூடியிருந்தது. அப்படி வந்தவர்கள் அந்த வயதைப் பாடமாக்கி, நண்பர்களிடமும் அதையே சொல்லித் திரிவார்கள். என்னைப் போல அவனும் முயல்தான்.

நான் நியாயமானவன். முதலில் அவளிடமே போய்ச் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. அவர் எப்பவோ சொல்லிப்போட்டார். அது சும்மா ஒரு கடதாசிதானே," என்றாள்.

பார்த்தீரா? எனக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டம். இப்படிப்பட்ட புத்தியோடு என்னத்தைப் பேசுவது?

அடுத்த நாள் ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த தொலைபேசியில் குடிவரவு அலுவலகத்தைக் கூப்பிட்டேன். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். அவன் பெயர், விலாசம், உண்மையான வயது, கடவுச்சீட்டு கள்ளம் என்ற விபரம், எல்லாம் சொன்னேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. திருப்பி அனுப்பினால் கொழும்பில் என்ன நடக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். முன்பு ஒருமுறை ஆமி பிடித்து வைத்திருந்தபோது அவன் முதுகில் போட்ட தழும்புகளை இங்கே ஒரே அறையில் இருந்து தினமும் பார்த்தவன் நான். விமான நிலையத்துக்கு வெளியே அவனை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள் என்பதுவரைதான் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கே செய்தி வரவில்லையே.

தவநாயகி இன்னும் கலியாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கறி சமைத்துக் கொண்டுவருவாள். "நீங்களும் இல்லாட்டி எனக்கு இஞ்ச ஆர் அண்ணை?" என்று அழுவாள். அழட்டும். நான் அவளை ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை.

அந்த மிருகக் கதையில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. அவளுக்குத்தான் இருக்கிறது. அதனால் ஒரு வக்கீலைப் பிடித்து, ஊரில் என் பிறப்பைப் பிழையாகப் பதிந்துவிட்டார்கள் என்று சத்தியம் செய்து, வருடத்தை அறுபத்தொன்று என்று மாற்றிவிட்டேன். போன கிழமைதான் எல்லாம் சரிவந்தது. இந்த ஞாயிறு அவள் வரும்போது சொல்லப்போகிறேன். இனி என்னை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.