உனக்குத்தான் தோணுது

நான் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவன் ஐயா. பிளீச்சிங் பவுடர் இல்லாத நாளே எங்கள் வீட்டில் கிடையாது. அதை எங்கே வாங்கினேன் என்று நீங்கள் அலைய வேண்டியதில்லை.

என் மைத்துனனை நான்தான் பார்த்துக்கொண்டேன். மூவருக்கும் ஒரே ஆலை. நான் வால்வு இயக்குபவன், அவன் எனக்கு உதவியாள், அவன் அக்கா, அதாவது என் மனைவி, பக்கத்துக் கூடத்தில் பொட்டலம் கட்டுகிறவள். குளோரின் கசிந்த அன்று அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் பாதி மூச்சோடு பிழைத்தான். கரண்டியால் ஊட்டினேன், முதுகு தட்டிச் சளி எடுத்தேன். பெற்றவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று அக்கம்பக்கம் மெச்சியது.

மூச்சை உள்ளே இழுத்தால் மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக எழும்பும் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். ஒரு மாலை மூன்றாவது பந்தும் எழும்பியது.

"கோல் போட்டுட்டேன் மாமா!" என்று சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள், "விபத்து விசாரணைக்கு நானும் வரேன். அன்னைக்கு அக்கா சொன்னதைச் சொல்லணும்" என்றான்.

"முதல்ல நல்லாத் தேறு மாப்ள" என்றேன்.

மறுநாள், அவன் தலைமாட்டில் இருந்த மர அலமாரிக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரை வைத்தேன். அதற்கும் அதே குளோரின் வாடைதான். யாராவது வரும் நேரம் எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

"மாமா, வாடை வருது."

"ஒன்னுமில்ல மாப்ள. உனக்குத்தான் தோணுது."

பாவம், ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்காருவான். மனநல மருத்துவரிடம் நானே கூட்டிப்போனேன். விபத்தில் தப்பியவர்களுக்கு இல்லாத வாடை அடிப்பதுண்டு என்றார். மாத்திரை கூடியது. பந்து ஒன்றோடு நின்றது. இந்த நிலையில் இவன் சாட்சி சொல்ல முடியாது என்று மருத்துவரே சொல்லிவிட்டார். எல்லாம் அவன் நன்மைக்குத்தான்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஆலையில் கசிவைத் தேட, அம்மோனியாவில் நனைத்த துணியைக் கம்பில் கட்டிக் குழாய் நெடுகக் காட்டுவோம். குளோரின் இருந்தால் வெண்புகை எழும். அதை அவனுக்குப் பழக்கியவனே நான்.

நேற்று நான் கடையிலிருந்து திரும்பியபோது, அவன் துடைப்பக் கட்டையில் துணி கட்டிச் சுவரோரம் மண்டியிட்டிருந்தான். எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் அம்மோனியா வாங்கித் தந்தாராம், அவரும் நின்றுகொண்டிருந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து வெண்புகை மெல்ல எழுந்தது.

"எனக்குப் பைத்தியம் இல்ல மாமா" என்று அழுதான். பிறகு கிண்ணத்தை எடுத்தான். என்னைப் பார்த்தான். "அன்னைக்கு ஆலையில வாடை வருதுன்னு அக்கா வந்து நின்னாளே, அப்ப இந்தத் துணியைக் காட்டியிருந்தாப் போதுமே."

ஆமாம், வைத்தது நான்தான். தெரிந்தே அவனைப் பைத்தியமாக்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் சொன்னதை மட்டும் எழுதாதீர்கள். இத்தனை வருஷம் அந்தக் காற்றிலேயே கிடந்தவன் நான். வாடை அடித்தால் எனக்குத் தெரியாதா? அன்று அங்கே ஒன்றுமில்லை ஐயா. அவளுக்குத்தான் தோன்றியது.